அடுப்பைக் கழித்த காற்று

எடைமேடையில் வேலை செய்கிறவர்களுக்கு உலகத்தில் எல்லாமே இரண்டு எடைதான். லாரியும் சரக்கும் சேர்ந்தது ஒன்று, வெறும் லாரி ஒன்று. முன்னதில் பின்னதைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஏழு வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஜெஸ்லினுக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஏறிவிட்டது. கல்யாண வீட்டில் பிரியாணி வைத்தால் எலும்பைக் கழித்துப் பார்ப்பாள். தேர்தல் கூட்டத்தில் தலைவர் ஒரு மணி நேரம் பேசினால், "எதிர்க்கட்சியைத் திட்டினதைக் கழிச்சா நாலு நிமிஷம் தேறும்" என்பாள்.

கம்ப்யூட்டரைப் பற்றியும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது பொய் சொல்லாது. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்கிறவர் மனசில் என்ன ஆசை இருக்கிறதோ, பாதி நேரம் அதுதான் திரையில் வந்து நிற்கும். இதைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறாள். தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்ததுதான் இந்தக் கதை.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே பத்தொன்பது வீடுகள் உள்ள ஒரு சந்து. முதல் வீட்டின் கீழ்த்தளத்தில் ஜெஸ்லினின் அப்பா ராசையாவின் மளிகைக் கடை. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும் அவர் பேச்சில் ஊர் போகவில்லை. மாடியில் குடும்பம். கடைக்குப் பின்கட்டில் மஜீது பாயும் அவர் மனைவி ஷரீஃபுன்னிசாவும் குடியிருந்தார்கள். சந்தின் கோடியில் இருக்கும் சின்னப் பள்ளிவாசலில் மஜீது பாய்தான் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்வது அவர் வேலை.

ரயில் பாதைக்கு மேற்கே தார் காய்ச்சும் கம்பெனி ஒன்று வந்ததிலிருந்து விடிகாலைப் பாங்கு இருமலோடு வர ஆரம்பித்தது. மற்ற நாலு வேளையும் மஜீது பாயின் குரல் கணீரென்று இருக்கும். காலை ஐந்தே காலுக்கு மட்டும் பாதியில் உடையும். சந்தில் கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லாருக்கும் அதுதான் அலாரம். அலாரம் இருமினால் எப்படி? பள்ளிவாசல் கமிட்டியில் வேறு ஆள் பார்க்கலாமா என்று பேச்சு எழுந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி தன் கொப்பரையைப் பெரிதாக்க அனுமதி கேட்டது. அதற்காக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தபோது மஜீது பாய் மைக் முன்னால் போய், "காலைல தொண்ட அடைக்குதுங்க, கண்ணு எரியுது" என்றார். "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார் கம்பெனி இன்ஜினியர். பாய் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மண்டபம் சிரித்தது. அன்றிலிருந்து அவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுவதையே விட்டுவிட்டார். பேப்பர் வாங்குவார், படிப்பார், மடித்து வைத்துவிடுவார்.

இப்போது கம்பெனி இரண்டாவது கொப்பரைக்கு அனுமதி கேட்கிறது. மறுபடியும் கூட்டம். இந்த முறை ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டும் என்று ஜெஸ்லின் முடிவு செய்தாள்.

ரிச்சி தெருவில் போய், காற்றில் புகை எவ்வளவு என்று எண் சொல்லும் சென்சார் ஒன்றையும், அதை இணைக்கச் சின்ன போர்டு ஒன்றையும் வாங்கிவந்தாள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக் காலில் கட்டினாள். நிமிஷத்துக்கு ஒரு எண் அவள் கம்ப்யூட்டருக்கு வந்து விழும். அளவு ஏறினால் சந்தின் வாட்ஸாப் குழுவுக்கு எச்சரிக்கை போகும்படியும் செய்தாள். முதல் நாளே பதினேழு எச்சரிக்கை. ஏழரைக்கு யார் வீட்டிலோ வரமிளகாய் தாளித்தது. பன்னிரண்டுக்கு வஞ்சிரம். சாயங்காலம் எதிர்வீட்டுச் சமோசா.

மீன் விற்கும் முத்தம்மா கடை வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னாடி ஜெஸ்லினு, நான் வடசட்டிய வெச்சா உன் மிஷினு ஊரக் கூட்டுது? நாளைக்கு போலீஸு வருமா?" என்று கேட்டாள். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

ஜெஸ்லின் எச்சரிக்கையை நிறுத்தினாள். ஆனால் அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு யோசனை பிறந்தது. காற்று என்பது லாரி மாதிரி. அதில் கம்பெனிப் புகையும் இருக்கிறது, நம் அடுப்புப் புகையும் இருக்கிறது. அடுப்புதான் காலி எடை. அதைத் தனியாக எழுதிவைத்துக் கழித்துவிட்டால் மீதி கம்பெனி.

அதற்கு ஏற்ற மாதமும் வந்தது. அந்த வருஷம் ரமலான் நோன்பும் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களும் ஒரே வாரத்தில் தொடங்கின. சந்தில் பதினோரு வீடு நோன்பு. ஆறு வீடு லெந்து, மீன் இறைச்சி கிடையாது. மிச்சம் இரண்டில் ஒன்று முத்தம்மா வீடு, இன்னொன்று பூட்டியே கிடக்கும். பகலில் அடுப்புகள் இவ்வளவு அடங்கியிருக்கும் மாதம் இனி எப்போது வரும்?

ஒரு நாற்பது பக்க நோட்டை நூலில் கட்டி அப்பாவின் கடையில் தொங்கவிட்டாள். யார் வீட்டில், எத்தனை மணிக்கு, என்ன வதக்கினார்கள், என்ன பொரித்தார்கள் என்று வருகிறவர்கள் சொல்ல வேண்டும். எழுதும் பொறுப்பு ராசையாவுக்கு. அவர் சபைக் கமிட்டியில் இருப்பவர். லெந்து தொடங்கிய அன்று ஆலயத்தில் எழுந்து நின்று, "நாற்பது நாளும் மச்சம் தொடமாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். நோட்டு விஷயத்தில் அவர் நீதிபதி மாதிரி நடந்துகொண்டார்.

"ஷரீஃபா, விடியமுன்ன சகருக்கு என்ன செஞ்சிய?"

"சோறு, தால்சா, அவ்ளோதான் பாய்." அவளுக்கு ராசையாவும் பாய்தான்.

"தாளிச்சியளா இல்லியா? ஒழுங்காச் சொல்லணும். இது கவர்மெண்டுக்குப் போற நோட்டு."

அடுப்பை ஊரறியச் சொல்வதில் சங்கடங்களும் இருந்தன. ஒரு வீட்டில் 'பிரியாணி' என்று எழுதிய அன்று, சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஐந்து பேர் அங்கே நலம் விசாரிக்கப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் அதே வீட்டுக்காரர், "வெள்ளச் சோறு. கொஞ்சம் நெய் வாசனை வரும், அவ்ளோதான்" என்று எழுதச் சொன்னார். ராசையா 'வெள்ளைச் சோறு' என்று எழுதிவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, அதை அடித்துப் 'பிரியாணி' என்று திருத்தினார்.

இப்படியே நோன்பு முடிந்து பெருநாளும் போயிற்று. வியாழக்கிழமை கூட்டம். செவ்வாய்க்கிழமை மாலை ஜெஸ்லின் முப்பத்துமூன்று நாள் அளவை ஒரே தாளில் அச்செடுத்துக் கடைக்குக் கொண்டுவந்தாள். அடுப்பெல்லாம் கழித்துப் போட்ட கோடு. அதில் நாலு இடத்தில் மட்டும் கோடு மலை மாதிரி எழும்பி நின்றது. நாலும் புதன்கிழமை, மாலை மூன்றரை.

"அந்த நேரத்துல சந்துல ஒரு அடுப்புகூட எரியலை. நோட்டுல ஒண்ணுமே இல்லை. குரூப்புலயும் போட்டுட்டேன்" என்றாள் ஜெஸ்லின். "புதன்கிழமை மூணு மணிக்குத்தான் தார் கம்பெனி டேங்கர் எங்க எடைமேடைக்கு வரும். நானே சீட்டு போட்டிருக்கேன். கொப்பரையைத் திறந்து டேங்கரை ரொப்புறாங்க, புகை இங்க வருது."

மஜீது பாய் தாளை வாங்கி அந்த நாலு மலைகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இது போதுமாம்மா?" என்று கேட்டார். குரலில் ரொம்ப நாளாகக் காணாத ஒரு தெம்பு.

முத்தம்மா மட்டும் உதட்டைச் சுழித்தாள். "மூணரைக்குக் கடக்காத்துதானே அடிக்கும்? கிழக்கேர்ந்து வர்ற காத்து, மேக்க கீற பொகைய எப்டிமே இங்க தள்ளிகினு வரும்? ரிவர்ஸ் கியர் போட்டா?"

அரைக் கிலோ உப்பு கேட்டவருக்கு ராசையா சர்க்கரையை நிறுத்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு முழுக்க ஜெஸ்லினின் மனசை அந்தக் கடல்காற்று விடவில்லை. மறுநாள் புதன். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தாள். அம்மா மாதர் சங்க ஜெபக் கூட்டத்துக்குப் போயிருப்பாள் என்று தெரியும், புதன்தோறும் போவாள். கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. மாடிப்படி ஏறும்போதே மூக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது.

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அடியில் இடுக்குத் தெரியாமல் ஈரத் துண்டு சொருகியிருந்தது. வீட்டுக்குள் வாசனை வரக் கூடாதாம். உள்ளே புகைபோக்கி விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஊதுகிற இடத்துக்கு நேர் மேலே, தண்ணீர்த் தொட்டிக் காலில், அவள் சென்சார்.

கதவைத் தள்ளினாள். பனியனோடு ராசையா. வடசட்டியில் நெத்திலிக் கருவாடு. பக்கத்தில் ஒரு கிண்ணம் பழைய சோறு.

"எப்பா."

அவர் திரும்பவில்லை. கரண்டி மட்டும் நின்றது. "ஏட்டி, ஒனக்கு அரை நாள் லீவு எவன் குடுத்தான்?"

"லெந்து நாளுப்பா."

"தெரியும்."

"சபையில எந்திரிச்சு நின்னு சொன்னியளே."

"அதான் தப்பு. மனசுக்குள்ள சொல்லியிருந்தா ஆண்டவர்கிட்ட பேசி முடிச்சிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அடுப்பை அணைத்தாள். "எத்தனை புதன்?"

"ஒங்க அம்மை ஜெபத்துக்குப் போன புதனெல்லாம். முத்தம்மாதான் பேப்பர்ல சுத்திக் குடுத்தா." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "அந்தக் கோடு நாந்தான்னு நேத்தே தெரிஞ்சு போச்சு. சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன். மஜீது மொகத்தைப் பாத்தேன். அந்த நாலு மலையைத்தானே அவரு தொட்டுத் தொட்டுப் பாத்தாரு? எப்பிடிச் சொல்ல?"

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அவளும் லெந்துதான்.

அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். சும்மா விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? நோட்டில் இல்லை. டேங்கர் சீட்டு இருக்கிறது. தேர்தல் நேரத்தில் இதைவிடச் சின்ன ஆதாரத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள். கம்பெனி கெட்டது என்பதும் உண்மைதானே. ஆனால் எடைமேடையில் ஒரு சீட்டு பொய்யாகப் போட்டால் அந்த மேடை போட்ட எல்லாச் சீட்டும் பொய்யாகிவிடும். அவள் அப்படி ஒரு சீட்டு போட்டதில்லை.

புதன்கிழமை மூன்றரைகளை எடுத்தாள். மலைகள் போயின. தாள் தட்டையாகிவிட்டது என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் கண்ணுக்குச் சின்னதாக ஒன்று பட்டது. காலை ஐந்திலிருந்து ஆறு வரை ஒரு மேடு. சகர் சமையல் முடிந்து, காலைத் தாளிப்பு தொடங்காத நேரம். மலைகள் நின்றபோது இந்த மேட்டை அவள் பார்க்கவே இல்லை. ஒரு நாள் அல்ல, அன்றையதையும் சேர்த்து முப்பத்துநான்கு நாளில் இருபத்தொன்பது நாள் அது இருந்தது. இல்லாத ஐந்து நாள் எவை என்று தேடினாள். ஐந்தும் ஞாயிறு. தார் கம்பெனிக்கு விடுமுறை.

விடிகாலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். மேற்கேயிருந்து கிழக்கே. கம்பெனியைத் தாண்டி, சந்தைத் தாண்டி, மஜீது பாயின் தொண்டையைத் தாண்டி.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. புதன்கிழமைகளை ஏன் கழித்தாய் என்று கேட்டால்? அடுப்பு என்றால், நோட்டில் ஏன் இல்லை என்பார்கள். நோட்டு பொய் என்றால் மேடும் பொய். அவள் போய் அப்பாவிடம் இதைச் சொன்னாள். எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு அம்மா வருவாள், மாதர் சங்கம் வரும், போதகர் வருவார், சபையே வரும். "ஒரு வீட்டுல எழுத மறந்துட்டாங்கன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். அவர் எண்ணெயை வடிகட்டிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

வியாழக்கிழமை கல்யாண மண்டபத்தில் போன முறையைவிடக் கூட்டம். மேடையில் அதே மாவட்ட அதிகாரி, பக்கத்தில் அதே கம்பெனி இன்ஜினியர். ஆளுக்கு மூன்று நிமிஷம். ஜெஸ்லின் எண்களைச் சொல்ல ஆரம்பித்தாள். விடிகாலை மேட்டைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் காட்டினாள்.

இன்ஜினியர் தாளை வாங்கிப் பார்த்தார். "புதன்கிழமை சாயங்காலம் மட்டும் கோடு விட்டுப்போயிருக்கே?"

"அது ஒரு வீட்டு அடுப்பு சார். கழிச்சிட்டேன்."

"உங்க நோட்டுல அப்படி ஒண்ணும் இல்லைன்னு முந்தாநாள் இந்தக் குழுவுல நீங்களே போட்டிருக்கீங்க." அவர் கைபேசியைத் தூக்கிக் காட்டினார். சந்துக் குழுவிலிருந்து யாரோ வெளியே அனுப்பியிருக்கிறார்கள். "எந்த வீடு?"

ஜெஸ்லின் மைக்கைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"இதைத்தான் சொல்றேன் சார். வேண்டியதைச் சேர்ப்பாங்க, வேண்டாததை எடுப்பாங்க. இது சமையல் புகை. நோட்டுல நம்பிக்கை இல்லை."

போன முறை கேட்ட அதே சிரிப்பு பின் வரிசையில் கிளம்பியது. மூன்றாவது வரிசையில் மஜீது பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயா, ஒரு நிமிஷம்."

ராசையா எழுந்து நடந்துவந்தார். வெள்ளைச் சட்டை, ஆலயத்துக்குப் போடுவது. கையில் நூலோடு அறுத்து எடுத்த நோட்டு. மைக்கை மகளிடமிருந்து வாங்கினார்.

"ராசையா, ஒண்ணாம் நம்பர் வீடு. அந்த அஞ்சு புதனும் என் கருவாடு. நெத்திலி."

பெண்கள் பக்கத்தில் மாதர் சங்கம் மொத்தமாக ஒருவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. ஜெஸ்லினின் அம்மாவின் முகம்.

"நோட்டு எழுதுனவனும் நாந்தான். ஊரு அடுப்பையெல்லாம் எழுதுனேன், என் அடுப்பை மட்டும் விட்டுட்டேன். இன்னைக்குக் காலைல சிவப்பு மையில அஞ்சையும் எழுதியிருக்கேன், நேரத்தோட. பாத்துக்கிடுங்க." நோட்டை அதிகாரியின் மேசையில் வைத்தார். "எங்க போதகரய்யாவும் இங்கதான் இருக்காவ. சபைக்கும் சேர்த்துப் பாவ அறிக்கை பண்ணியாச்சு. என் கருவாட்டைக் கழிச்சிருங்க. மிச்சத்துக்கு அவிய பதில் சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு போடுத கருவாடு என் கடையில கெடையாது."

சிரிப்பு வெடித்தது. இந்த முறை இன்ஜினியரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். முத்தம்மா எழுந்து நின்று, "வித்தது நானுங்க, அதையும் எழுதிக்கோங்க!" என்று கத்தினாள். போதகர் கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அதிகாரி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். 'வெள்ளைச் சோறு' என்று எழுதி அடித்து 'பிரியாணி' என்று திருத்தியிருந்த இடத்தில் நின்று, வாய்க்குள் சிரித்தார். "தன் மேலயே எழுதிக்கிட்ட நோட்டை எப்படிப் பொய்ங்கறது?" என்று இன்ஜினியரிடம் கேட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "போன தடவை தொண்டையைக் காட்டினவர் வந்திருக்காரா?" என்றார்.

மஜீது பாய் எழுந்தார். மைக் வரை போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "காலைல அஞ்சே காலுங்க. ஒரு நாளு வந்து கேளுங்க" என்றார். மதிய நேரம். குரல் கணீரென்று இருந்தது.

அன்றே எதுவும் முடிவாகவில்லை. கூட்டத்தில் முடிவு சொல்லமாட்டார்கள், பதிவு மட்டும்தான் செய்வார்கள். ஆனால் அடுப்பு நோட்டு இணைப்பாகப் பதிவானது. அரசாங்கத்தின் கருவியை ஒரு மாதம் ஜெஸ்லினின் சென்சார் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பது, அதுவரை இரண்டாவது கொப்பரைப் பேச்சு இல்லை, நோட்டும் தொடர வேண்டும் என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் வெளியே வந்து மஜீது பாயின் தோளில் கைபோட்டு, "ஒரு மாசம் இன்னா, ரெண்டு மாசம் பாக்கலாம் பாய். உங்க கொரலுக்கு வேற ஆள எங்க தேடுறது?" என்றார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். ராசையா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சுவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளையடித்த சுவரில் பழைய தேர்தல் சின்னம் மங்கலாகத் தெரிந்தது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அது தெரியும். கம்ப்யூட்டரில் அழித்த கோப்பும் அப்படித்தான், அழிந்த மாதிரி இருக்கும், அழியாது என்று ஜெஸ்லின் நினைத்துக்கொண்டாள். அப்பாவிடம் சொல்ல இது சமயமில்லை.

இறங்கும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"மஞ்சத்தூள் போட்டியளா?"

"என்னது?"

"நெத்திலிக்கு. மஞ்சத்தூள் போட்டுப் பெரட்டுனியளா, வெறுங்கருவாட்டை அப்பிடியே எண்ணெயில போட்டியளா?"

"வெறுமனத்தான் போட்டுட்டேன்" என்றார் ராசையா.

"அதான் அம்புட்டுப் பொகை" என்று சொல்லிவிட்டு அவள் மாடியேறிப் போனாள்.

ஈஸ்டருக்கு மறுநாள் ஜெஸ்லின் வேலைக்குக் கிளம்பும் முன் கடையில் தொங்கிய புது நோட்டைப் பார்த்தாள். மாடியில் அரசாங்கக் கருவி தொட்டிக் காலில் அவள் சென்சாரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. விடிகாலைப் பாங்கு அன்றும் ஓரிடத்தில் உடைந்துதான் போயிருந்தது. நோட்டின் கடைசி வரி அப்பாவின் கையெழுத்தில் இல்லை. பென்சிலில், அம்மாவின் சாய்ந்த எழுத்தில் இருந்தது. இன்னும் நடக்காத சமையல், முன்கூட்டியே எழுதியது:

'ஒண்ணாம் நம்பர். மதியம் 12.30. நெத்திலி. மஞ்சள்தூள் போட்டு. கதவு திறந்திருக்கும்.'